பதினோரு மணிக்கு வராதவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். தர்மராஜ் ஆகிய நான்; ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் பணி செய்து ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவன். என் மனைவி சாரதாம்பாள். மகன் பார்த்திபன். அவன் மனைவி திவ்யா. மகள் பூங்கொடி, அன்று பத்தே முக்காலுக்கு நிச்சயதார்த்தம் நடக்க வேண்டியது அவளுக்குத்தான். வேறு யாரும் அங்கே இல்லை. அந்தக் காலையைப் பற்றிப் பிறகு பேசியவர்கள் நிறைய பேர். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

மாப்பிள்ளை ஆனந்தன், மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன்கள் வைத்து நடத்தும் ரவிச்சந்திரனின் ஒரே மகன் என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். போன ஞாயிறு அவர்கள் பூ வைக்க வந்தபோது ஒரு வேன் பாதி வழியில் நின்றுவிட்டதும், ஆறு பேர் வராமல் போனதும் நினைவிருக்கும். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஆறு பேரும் பூங்கொடியின் போனில் இருந்தார்கள்.

“நைனா, அண்ணன் குரூப்ல இன்னா போட்டுகீது பாருங்க.”

எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. அவளே படித்தாள்.

“இன்னிக்கு பதினோரு மணிக்கு எல்லாரும் கட்டாயம் இருக்கணும். போன வாரம் ஆறு பேர் வரலை. காரணம் கேக்க மாட்டேன். இன்னிக்கும் வராதவங்களை எடுத்துட்டு வேற ஆளைப் போடுவேன். வெளியில நிறைய பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. இது கடைசி எச்சரிக்கை.”

நிச்சயதார்த்த ஏற்பாடுகளுக்காகப் பார்த்திபனே ஆரம்பித்த வாட்ஸ்அப் குழு அது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து முப்பத்துநான்கு பேர் அதில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா இருந்தார். மாப்பிள்ளையின் பெரிய அத்தை இருந்தார்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பார்த்திபன் லைன் சூப்பர்வைசர். பகல் முழுவதும் தங்கையின் விசேஷத்துக்கு வேண்டும் என்று ஷிப்ட் மாற்றிக்கொண்டு, இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தான். ஒரு செருப்பைக் கழற்றியவன் மற்றதைக் கழற்றவில்லை. போனை வாங்கிப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

“குரூப் மாறிப்போச்சு,” என்றான்.

“எந்த குரூப்புக்குப் போட வேண்டியது?” என்று கேட்டேன்.

திவ்யாதான் சொன்னாள். “கேமு, மாமா. இவரு தலைவரு.”

ஏழு கோட்டை என்று ஒரு விளையாட்டு, போனில் ஆடுவது. ஐம்பது பேர் வரை ஒரு படையாகச் சேரலாம். எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாரும் சொன்ன நேரத்துக்கு வந்து கோட்டையைப் பிடிக்க வேண்டும், பிடித்ததைக் காக்க வேண்டும். ஊரடங்கில் கம்பெனி மூடிக்கிடந்த நாட்களில், கூட வேலை செய்யும் நான்கு பேரோடு பார்த்திபன் ஆரம்பித்தான். அப்போது மாடியில் அவன் சிரிக்கும் சத்தம் கீழே கேட்கும். நான்கு பேர் நாற்பத்தெட்டு பேர் ஆனார்கள். தூத்துக்குடி, துபாய், மலேசியா என்று ஆட்கள் சேர்ந்தார்கள். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் கவனிக்கவில்லை.

“டெலீட் பண்ணு முதல்ல,” என்றாள் பூங்கொடி.

அழித்தான். அழித்த இடத்தில், ஒரு செய்தி அழிக்கப்பட்டது என்று வந்து நின்றது. அதுவரை பார்க்காமல் இருந்தவர்கள் எல்லாரும், என்ன அழித்தீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆறு நாற்பதுக்குச் சாரதாம்பாளின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் பெரிய அத்தை ஞானம்பாள். தாயில்லாத ஆனந்தனை மூன்று வயதிலிருந்து வளர்த்தவர். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. சாரதாம்பாள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“இன்னா சம்பந்தியம்மா, வெளியில நெறைய பேரு காத்துகினு கீறாங்களாமே. அவங்களையே கூப்ட்டு தட்டு மாத்திக்கோங்க. எங்க வண்டிங்களுக்கு டீசலாவது மிச்சமாவும்.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

பூங்கொடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கையில் மருதாணி காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் அழவில்லை. “நான் ஆனந்தன்கிட்ட பேசட்டுமா?” என்றாள்.

“நீ பேசக் கூடாது. இது பெரியவங்க விஷயம். நான் போறேன்.”

“போயி இன்னா சொல்லுவீங்க?” என்றாள் சாரதாம்பாள்.

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் போய் விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

*

கார் பார்த்திபனுடையது. தூக்கமில்லாத கண்ணோடு அவன் ஓட்ட வேண்டாம் என்று திவ்யா சாவியை வாங்கிக்கொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்தேன். அவன் பின்னால்.

“தலைவரே, பெல்ட்டு போட்டுக்கோ,” என்றாள் திவ்யா.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இன்னும் வரவில்லை. பின்னால் அவனுடைய போன் விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

“யாருடா இந்த நேரத்துல?”

“பினாங்குல ஒருத்தன், நைனா. கொழந்தைக்கு ஜொரமாம். இன்னிக்கு லீவு கேக்கறான்.”

“உன்னையா?”

“என்னைத்தான்.”

திவ்யா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். “கேளுங்க மாமா, இவரு டைம் டேபிள. செவ்வா, வியாழன், ஞாயிறு சண்டை. திங்கக்கெழம யாரு வந்தான் யாரு வரலன்னு லிஸ்ட்டு. புதன் புது ஆளுக்கு இன்டர்வியூ. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப கூட இவரு அத்தினி கேள்வி கேக்கல.”

“சும்மா இரு திவ்யா.”

“துபாய்காரன் கதைய சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்.” அவன் குரல் எழும்பவே இல்லை. “ஒருத்தன் அவன் கல்யாணத்துக்கு லீவு கேட்டான் நைனா. ரெண்டு நாள் போதுமான்னு எழுதிட்டேன். அனுப்பின பெறவுதான் படிச்சுப் பாத்தேன். எனக்கே வெக்கமா போச்சு. ஒரு வாரம் எடுத்துக்கோன்னு மாத்திப் போட்டேன். அவன் ரொம்ப தேங்க்ஸ் சார்னு போடறான். சார்னு.”

“புடிச்சு ஆடறியா இல்லையா?”

தூங்கிவிட்டானோ என்று திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆடியே எட்டு மாசம் இருக்கும் நைனா. நான் எங்க ஆடறேன்? ஆடறவங்கள மேய்க்கறேன். எவன் கோச்சுக்கினான், எவன் எவன்கூட பேசறதில்ல, எவன் வேற படைக்குப் போவப் பாக்கறான். லைன்ல இன்னா செய்யறேனோ அதத்தான் வூட்டுக்கு வந்தும் செய்யறேன்.”

“வுட்டுட்டு வந்துடேன்.”

“யாருகிட்ட வுடறது? ஏழு பேர கேட்டுட்டேன். ஒருத்தனும் ஏத்துக்க மாட்டேங்கறான். எல்லாம் பொண்டாட்டி புள்ளைன்னு இருக்கறவங்க. அப்படியே வுட்டா நாலு வருசமா கட்டினது ஒரே வாரத்துல கலைஞ்சிடும்.”

மாற்று ஆள் வந்து கையெழுத்துப் போடாமல் ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. மாற்று ஆள் வராமல் பதினாறு மணி நேரம், இருபது மணி நேரம் நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் தம்பி கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். ஆனால் எனக்குச் சம்பளம் இருந்தது. பச்சைக் கொடி காட்டினால் உண்மையான ரயில் ஒன்று நகர்ந்தது. இவனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

“அங்க போயி கேம்னு சொல்லிடலாம் நைனா,” என்றான். “சிரிச்சிட்டு வுட்டுடுவாங்க.”

“சிரிப்பாங்கடா. அதான்.”



*

ரவிச்சந்திரனின் வீடு கடலுக்குப் போகும் தெருவில், வேன் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பக்கத்துப் பட்டறைகளில் ஞாயிற்றுக்கிழமையும் கல் கொத்தும் சத்தம். ஷெட்டில் நான்கு வேன்கள் கழுவி, பூமாலை கட்டி நின்றன. டிரைவர்கள் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வேனிலும் ஆள் ஏறவில்லை.

ஆனந்தன் பட்டு வேட்டி கட்டியிருந்தான். மேலே பழைய பனியன். எங்களைப் பார்த்ததும் கும்பிட்டான்.

ரவிச்சந்திரன் நாற்காலி போட்டார். தண்ணீர் வரவில்லை. ஞானம்பாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் அவர் மடியில் இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை.

“சொல்லு சம்பந்தி,” என்றார் ரவிச்சந்திரன். களைத்த குரல். “வேன் ரேடியேட்டர் போனதுக்கு எங்க ஆளுங்க இன்னா பண்ணுவாங்க? அத இப்படியா சொல்லிக் காட்டறது? சொந்தக்காரங்க எல்லாம் காலைலருந்து போன் போட்டு பேஜாரு பண்றாங்க.”

“அது உங்களுக்கு எழுதினதில்ல.”

“பின்ன யாருக்கு?”

பார்த்திபன் வாயைத் திறந்தான். நான் கையை உயர்த்தினேன். அவன் பிறந்ததிலிருந்து அந்தக் கைக்கு நின்றுவிடுவான். முப்பத்தெட்டு வயதிலும் நின்றான்.

“கம்பெனி ஆளுங்களுக்கு,” என்றேன். “இவன் கீழ நாப்பத்தெட்டு பேரு வேலை செய்யறாங்க. ஷிப்டுக்கு ஒழுங்கா வர்றதில்ல. மேல இருக்கறவங்க கேள்வி கேக்கறாங்க. அதனால கண்டிப்பா எழுதினான். தூக்கக் கலக்கத்துல குரூப் மாறிடுச்சு.”

என் அறுபத்தொன்பது வயதில் அப்படி ஒரு பொய் அவ்வளவு சுத்தமாக வெளிவரும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு அதிகாரி கண்டிப்பாக இருப்பதில் குறைவு ஒன்றும் இல்லை. கல்யாணமான ஒரு ஆண்பிள்ளை போனில் கோட்டை பிடித்து விளையாடுகிறான், அதில் வராதவர்களுக்குக் கடைசி எச்சரிக்கை எழுதுகிறான் என்று சம்பந்தி வீட்டில் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

திவ்யா தரையைப் பார்த்தாள். ஆனந்தன் என்னைப் பார்த்தான். ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்தான்.

ரவிச்சந்திரன் பெருமூச்சு விட்டார். “அதானா. நான்கூட இன்னாவோ நெனச்சிட்டேன். என் டிரைவர் பசங்களுக்கு நானும் இப்படித்தான் கத்தறேன். சரி, நேரமாச்சு. கெளம்பலாம்க்கா.”

ஞானம்பாள் அசையவில்லை. பார்த்திபனையே பார்த்தார்.

“காரணம் கேக்க மாட்டேன்னு எழுதியிருந்தியே தம்பி.”

“ஆமா அத்த.”

“எம் பெரிய புள்ள ஒரு கம்பெனில ஆறு வருசம் கான்ட்ராக்ட்ல இருந்தான். அவன் பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்திகினு இருந்தாங்க, மூணு நாள் போவல. நாலாம் நாளு காலைல மெசேஜ் வந்துச்சு. இனிமே வர வேணாம்னு. காரணம் ஒருத்தனும் கேக்கல. இப்ப கடப்பாக்கத்துல மீன் லோடு ஏத்தறான்.” கொஞ்சம் நிறுத்தினார். “அத எழுதினவனும் ஒரு வூட்டுப் புள்ளதானே, எப்படி இருப்பான்னு ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன்.”

பார்த்திபன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை. அப்போதும் நான் பேசவில்லை.

“பூங்கொடி நல்ல பொண்ணு,” என்றார் ஞானம்பாள். “அவளுக்காவ வரேன்.” புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வேன்கள் கிளம்பின. திரும்பி வரும் வழியில் பார்த்திபன் என்னிடம் பேசவில்லை. திருக்கழுக்குன்றம் வந்தபோது திவ்யாவிடம் மட்டும், “கேம்ல கூட நான் இவ்ளோ கெட்டவன் இல்ல,” என்றான்.

*

மண்டபம் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் என்று பார்த்துப் பிடித்தது. பத்தே முக்காலுக்கு இரண்டு வீட்டாரும் எதிரெதிராக உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் லக்னப் பத்திரிகையை ஐயர் எழுதுவார். பெண்ணின் அண்ணன்தான் எழுந்து நின்று வாசிப்பான். என் தங்கைக்கு நான் வாசித்தேன். பார்த்திபன் குளித்து, வேட்டி கட்டி, கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தான். மணி பத்து ஐம்பத்தைந்து. போனை என்னிடம் நீட்டினான்.

“இத நீங்க வெச்சிக்கோங்க நைனா. எங்கிட்ட இருந்தா கை போவும்.”

சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். காலையில் காரில் ஓயாமல் அதிர்ந்த போன். பதினோரு மணிக்கு என் நெஞ்சில் இருந்துகொண்டு என்ன பாடு படுத்துமோ என்று பயந்தேன்.

அவன் வாசித்தான். இரண்டு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்களையும் தடுமாறாமல் வாசித்தான். இன்னாருடைய பேத்தியும் இன்னாருடைய மகளுமாகிய சௌபாக்கியவதி பூங்கொடி என்று வந்த இடத்தில் மட்டும் தாளிலிருந்து தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தான். பதினொன்று ஐந்துக்கு நானும் ரவிச்சந்திரனும் தட்டு மாற்றிக்கொண்டோம். ஞானம்பாள் பூங்கொடிக்குப் பூ வைத்து, குங்குமம் இட்டு, கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

போன் ஒரு தடவைகூட அசையவில்லை.

பந்திக்கு ஆட்கள் போகத் தொடங்கியபோது பூங்கொடி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நைனா. நீங்க அங்க போவறதுக்கு முன்னாலயே நான் ஆனந்தன்கிட்ட சொல்லிட்டேன்.”

“எத?”

“கேம் விஷயத்த. ஆறே முக்காலுக்கே அவருக்குத் தெரியும். அவரு சிரிச்சிட்டாரு. அத்த கோவம் கொஞ்சம் ஆறட்டும், அப்பால அவரே சொல்றேன்னாரு. அதுக்குள்ள நீங்க வந்து கம்பெனின்னு சொல்லிட்டீங்களாம். இப்ப அவரு சொன்னா, நீங்க பொய் சொன்ன மாதிரி ஆவும்னு சொல்லாம இருக்காரு.”

மாலையைச் சரிசெய்துகொண்டு போனாள். மணமேடையில் ஆனந்தன் யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தான். காலையில் அவன் என்னைப் பார்த்த அந்தக் கூடுதல் விநாடி எனக்கு விளங்கியது. இன்னும் என் வீட்டுக்கு மருமகனாக வராத பையன் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அதைவிட அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

பன்னிரண்டு மணிக்குப் பார்த்திபன் போனைக் கேட்டு வாங்கினான். சமையல்கட்டுக்குப் போகும் நடையில் நின்று பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று திவ்யா வேகமாகப் போனாள். நானும் போனேன்.

சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஒம்போது பேருதான் வந்தானுங்க,” என்றான். “கோட்ட போயிடுச்சு.”

“அதுக்கா சிரிக்கற?”

“எச்சரிக்கை அவங்களுக்குப் போவல இல்ல? அது நம்ம குரூப்புக்கு வந்துடுச்சு. நான் ஒண்ணும் போடலன்னதும் இன்னிக்கு லீவுன்னு நெனச்சிட்டானுங்களாம். பினாங்குக்காரன் ஒருத்தனுக்குத்தான் நான் லீவு குடுத்தது. மீதி முப்பத்தெட்டு பேரும் அவங்களாவே எடுத்துகினாங்க. ஒருத்தன் பொண்டாட்டிய கூட்டிகினு பீச்சுக்குப் போயிருக்கான், போட்டோ போட்டுகீறான். ஒருத்தன் ரெண்டு வருசத்துல இப்பதான் ஞாயித்துக்கெழம தூங்கினேன்றான். தேங்க்ஸ் சொல்றானுங்க, எனக்கு.”

“அப்போ எல்லாருக்கும் இதே பேஜாருதான்,” என்றாள் திவ்யா. “எவனும் சொல்லல.”

“நானும் சொல்லலயே.”

“இப்ப சொல்லிடு. வுட்டுடறேன்னு போடு.”

அவன் எழுதுகிற இடத்தைத் திறந்தான். விரல் மேலே நின்றது. பிறகு போனை அணைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, “கொஞ்சம் படுக்கறேன்,” என்றான். ஹாலின் கடைசியில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக் குறுக்கே படுத்தான். படுத்த உடனே தூங்கிவிட்டான். மூன்று பந்தி உட்கார்ந்து எழுந்த சத்தத்திலும் அவன் எழுந்திருக்கவில்லை.

*

அன்று இரண்டு விஷயங்கள் எனக்குச் சாப்பாட்டை இறங்கவிடவில்லை.

ஒன்று, ஞானம்பாள் பந்தியில் உட்காரவில்லை. சாரதாம்பாள் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டாள். “வயிறு சரியில்ல சம்பந்தியம்மா,” என்றார். தட்டு மாற்றுகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்காமல் இருப்பது முறை. மாற்றிய பிறகும் நனைக்காமல் இருந்தால், அதற்கு என்ன பொருள் என்று இரண்டு பக்கமும் தெரியும். அவர் மண்டபத்தின் பின்பக்கம் நிழலில் நின்ற வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மற்றது, இரண்டாம் பந்தியில் எங்கள் ஒன்றுவிட்ட உறவுக்காரர் ஒருவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டது. “உம் புள்ள இன்னிக்கு ஒரே மெசேஜில நாப்பத்தெட்டு பேர வேலைய வுட்டு தூக்கிட்டானாமே. பெரிய ஆளுதான்.” பாராட்டாகத்தான் சொன்னார். பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேனில் வந்தவர்கள் வழியெல்லாம் பேசியிருக்கிறார்கள். எச்சரிக்கை என்பது அதற்குள் வேலை நீக்கமாக வளர்ந்திருந்தது. நான் மறுக்கவில்லை. மோர் கேட்டு அனுப்பினேன்.

மூன்றரை மணி இருக்கும். சமையல் சாமான்களை எண்ணி ஏற்ற ஆள் வேண்டும் என்று நான் மண்டபத்தின் பின்பக்கம் போனேன். ஏசுபாதம் அங்கே அண்டாவைக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்திபனின் லைனில் வேலை செய்கிறவர். சிங்கப்பெருமாள் கோயில்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். யாரும் கூப்பிடாமல் காலையிலேயே வந்து, பந்தி பந்தியாகப் பரிமாறியவர். என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, ஒரு வார்த்த.”

“சொல்லுங்க.”

“சூப்பர்வைசர் தூங்கிகினு கீறாரு. எழுப்ப மனசு வரல. அதான் உங்ககிட்ட கேக்கறேன்.” துண்டை இரண்டாக மடித்தார். “எங்க லைன்ல முப்பத்தோரு பேருதான் ஐயா. நாப்பத்தெட்டுன்னா பக்கத்து லைனும் சேத்து எடுக்கறாங்களா?”

நான் பேசாமல் நின்றேன். அவர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்.

“போன மாசம் நாலு நாள் போவல. ஒத்துக்கறேன். எங்கம்மா தவறிட்டாங்க, சூப்பர்வைசருக்கே தெரியும். மாலை போட வந்தாரு. எம் பொண்ணு இப்பதான் நர்சிங் சேந்துகீது. எடுக்கறதா இருந்தா எடுங்க, நான் சண்டைக்கு வரல. முன்னாலயே தெரிஞ்சா வேற எங்கனா பாத்துக்குவேன். அந்த லிஸ்ட்டுல எம் பேரும் வந்துகீதா, அத மட்டும் சொல்லுங்க.”

காலையிலிருந்து தான் ஒரு வாய் சாப்பிடாமல், என் மகளின் நிச்சயதார்த்தத்தில் இருநூறு பேருக்குச் சோறு போட்டவர் அவர். போட்டபோதெல்லாம் இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு போட்டிருக்கிறார்.

வேன் நான்கு அடி தள்ளி நின்றது. ஜன்னல் திறந்திருந்தது. ஞானம்பாளின் புடவைத் தலைப்பு தெரிந்தது. அவர் தூங்குகிறாரா, விழித்திருக்கிறாரா என்று என்னால் பார்க்க முடியவில்லை. அண்டா தூக்க வந்த இருவரும், வேன் டிரைவரும் அங்கேயே நின்றார்கள். குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கலாம். இருந்த குரலிலேயே சொன்னேன்.

“லிஸ்ட்டே கெடையாது. கம்பெனில யாரையும் எடுக்கல. அது கம்பெனி மெசேஜே இல்ல. எம் புள்ள போன்ல ஒரு கேம் ஆடறான். அதுல இருக்கற நாப்பத்தெட்டு பேருக்கு எழுதினது. கம்பெனின்னு சொன்னவன் நான். அது பொய்.”